அளவில் வராத ஒன்பது அடி

அந்தத் தெருவுக்கு முகம் கழுவாத தெரு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெயர் வைத்தவர்கள் நகரசபையில் வீட்டுவரி போடுகிறவர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்து மூன்று வீடுகள். எந்த வீட்டுக்கும் முன்சுவரில் முழுசாகப் பூச்சு கிடையாது. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கதவில் வர்ணம் உரிந்து தொங்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால்தான் விஷயம் தெரியும். கண்ணாடி மாதிரி தரை, கிளிப்பச்சையில் சுவர், கூரையில் பூப்பூவாக வேலைப்பாடு. வீட்டின் முகத்தைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள் என்று எந்தக் காலத்திலோ எவரோ சொல்லிவைத்ததன் விளைவு. அன்றிலிருந்து அங்கே வீடு கட்டுகிறவர்கள் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சிங்காரித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட தெருவில் நகரசபை ஒரு நோட்டீஸை ஒட்டியது. பழைய வீடுகளைப் புதுப்பித்து, கூடுதல் ஆட்கள் குடியிருக்கிற மாதிரி கட்டினால், கட்டியதால் கூடுகிற வரி பத்து வருஷத்துக்குக் கிடையாது. பழைய வரியை மட்டும் கட்டினால் போதும். ஊர் காலியாகிக்கொண்டே போகிறது, வாலிபப் பிள்ளைகள் எல்லாம் பெரிய நகரங்களுக்கு ஓடுகிறார்கள், அவர்களை இங்கேயே இருத்த ஒரு வழி என்று காரணமும் போட்டிருந்தது.

தெருவே கூடி நின்று படித்தது. எதிர்வீட்டு வாத்தியார் மட்டும் இரண்டாவது தடவையும் படித்தார்.

"பத்து காசு விட்டுக்கொடுக்காதவங்க பத்து வருஷம் விட்டுக்கொடுக்கிறாங்களாம். யாரு காதுல பூ சுத்துறாங்க?" என்றார்.

"உள்ள வந்து பார்க்கணுமாம் சார். அங்கதான் இருக்கு விஷயம்" என்றாள் கண்ணாடியக்கா.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எதையும் சட்டென்று நம்புகிற ஆளில்லை. கடைக்கு வருகிறவர்கள் "எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னால் மூன்றாவது வரியிலேயே குட்டு உடைந்துவிடும். மனிதர்கள் சொல்வதையும் உள்ளே இருப்பதையும் தனித்தனியாக அளந்து பார்க்கிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

அவள் வீட்டில் இரண்டு குடும்பம், ஏழு பேர், ஒரே சமையலறை. வீடு அவள் கணவனுக்கும் கொழுந்தனுக்கும் பொது. கணவன் வெளியூர் பஸ் டிரைவர். வாரத்தில் நாலு நாள் வண்டியில்தான் குடித்தனம். கொழுந்தன் ஏசி மெக்கானிக். மேலே ஒரு மாடி எழுப்பி ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஏழெட்டு வருஷமாகப் பேச்சு. கட்டினால் வரி மூன்று மடங்காகும், அதையும் கட்டிக் கடனையும் எப்படி அடைப்பீர்கள் என்று கேட்டு வங்கிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது விலக்குப் பேப்பரைக் கொண்டுவந்தால் கடன் உண்டு என்றார்கள்.

கொழுந்தன் அன்றே ஒரு குண்டையும் தூக்கிப் போட்டான்.

"அண்ணி, இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள பேப்பர் வந்தா கட்டுவோம். வரலன்னா வித்துடலாம். எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்காரு. பாதிப் பாதி. இனிமே ஒரு அடுப்புல ரெண்டு பேரு முட்டிக்கிட்டு நிக்க வேணாம்."

அவன் சட்டைப் பையில் புரோக்கரின் கார்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு அறைதான் வாங்க முடியும். கடைக்கு நடந்து போய்வருகிற வேலையும் போய்விடும். பத்தொன்பது வருஷம் வாழ்ந்த வீட்டை இந்தக் கார்டு தின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று உரிமைக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கில் ஏறாத அறை இருந்தால் தாங்களே முன்வந்து சொல்பவர்களுக்குப் பழைய வரி தள்ளுபடி. சொல்லாமல் மறைத்து, பிறகு தெரியவந்தால் விலக்கும் கிடையாது, பழைய வரியும் அபராதத்தோடு வரும்.

அவள் வீட்டில் அப்படி ஓர் அறை இருந்தது.

மாமனார் கட்டியது. மூத்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பின்கட்டில், இரவோடிரவாக என்று சொல்கிற மாதிரி ஒரே மாசத்தில் எழுப்பினார். கணக்கில் ஏறக்கூடாது என்பதற்காக சந்துப் பக்கம் வைத்த ஜன்னலை ஒரு வாரத்தில் செங்கல் வைத்து அடைத்தார். உள்ளே போகிற கதவுக்கு முன்னால் ஒரு இரும்பு பீரோவை நிறுத்தினார். "யாரு கேட்டாலும் இந்த வீட்டுல ரெண்டு ரூம்தான்" என்று எல்லோருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகியும் பாடம் யாருக்கும் மறக்கவில்லை. இப்போது அதில் பழைய டிரங்குப் பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் கிடக்கின்றன.

"நாமளே சொன்னா தள்ளுபடியாம்க்கா" என்றாள் சின்னவள். கொழுந்தன் பெண்டாட்டி.

"அதுதான் பொறி. எலிக்கு வைக்கிறப்பவும் முதல்ல தீனிதான் வைப்பாங்க. நாம ஒண்ணும் சொல்ல வேணாம். அனுமதி வரட்டும், சுவரை இடிச்சுட்டு அதையும் புதுசாக் கட்டினதாக் காட்டிட்டா அதுக்கும் பத்து வருஷம் வரி இல்ல. தெருவுல எல்லாரும் அப்படித்தான் பண்ணப் போறாங்க."

கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து அவளே சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இரண்டு அறை, கூடம், சமையல்கட்டு. வேறு அறைகள்? இல்லை. கணவன் தன் விண்ணப்பத்தை பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான். "மறந்துடாதீங்க, ரெண்டு ரூம்" என்று அவள் வாசல்வரை போய்ச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல் சம்மதமா, கழுத்து வலியா என்று பத்தொன்பது வருஷமாகியும் அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

*

அடுத்த வாரம் நகரசபையிலிருந்து அளவுக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. கையில் இரும்பு டேப். அக்குளில் ஒரு ஃபைல், பிறக்கும்போதே அங்கே ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருந்தார். கண்ணாடியக்காவுக்கு முதலில் பட்டது அந்த நூல்தான்.

வெளியே பக்கச்சுவரை வாசலிலிருந்து பின்சந்துவரை அடிக்கணக்கில் அளந்தார். நாற்பத்தொன்று. உள்ளே வந்து வாசலிலிருந்து கடைசி அறைவரை அளந்தார். முப்பத்திரண்டு. திரும்ப வெளியே போனார், திரும்ப உள்ளே வந்தார். பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டீ சாப்பிடுறீங்களா?"

"வேணாம்மா."

"தண்ணியாவது?"

"வேணாம்மா."

அவர் போனதும் சின்னவள் ஓடிவந்தாள். "தண்ணிகூடத் தொடலயே அக்கா! பெருசா எதிர்பார்க்கிறாரு போல."

"இல்லடி. யாரோ சொல்லியிருக்காங்க. நேரா கடைசி ரூமுக்குத்தான் வந்தாரு."

அன்று மாலை கணவன் ஏதோ ஊர் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தான். "ஆளு வந்தாரா?"

"வந்தாரு."

"பார்த்தாரா?"

எதைப் பார்த்தாரா? அவளுக்குச் சுருக்கென்றது. கட்டுமானம் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே. "எல்லாம் பார்த்துட்டுப் போய்ட்டாரு" என்று பட்டென்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் அவன் நிம்மதியாக மூச்சுவிட்டது கேட்டது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து அளவுக்காரர் இரண்டாவது தடவை வந்தார். அன்று கொழுந்தன் வீட்டிலிருந்தான். வாசலில் இருவரும் நின்று குசுகுசுவென்று பேசிக்கொள்வதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொழுந்தன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். அவர் வாங்கி ஃபைலுக்குள் வைத்தார். புரோக்கர் கார்டா? அட பாவி, பேப்பர் வராமல் செய்துவிட்டால் வீடு விற்பனைக்கு வந்துவிடும், அதற்கு இவனே காட்டிக்கொடுக்கிறானா!

அளவுக்காரர் கடைசி அறைக்கு வந்து பீரோவுக்கு முன்னால் நின்றார்.

"இதைக் கொஞ்சம் நகர்த்த முடியுமாம்மா?"

"நகராது சார். பழைய பீரோ. ஒரு கால் ஆடுது. அசைச்சா சாஞ்சிடும்."

"பின்னால என்ன இருக்கு?"

"சுவர்."

"சுவருக்குப் பின்னால?"

"சந்து."

அவர் டேப்பைச் சுருட்டினார். அது சரசரவென்று உள்ளே ஓடிக் கடைசியில் டக்கென்று அடித்தது. "நான் இன்னும் ஒரே ஒரு தடவைதான் வர முடியும். வியாழக்கிழமை. நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்க எழுதினதை மாத்தணும்னா மாத்திக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எதை யோசிக்கணும்?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. உங்க பேர்ல வீடு இல்லையேம்மா. ஒரு உரிமைக்காரர் எழுதினதை இன்னொருத்தர்கிட்டகூட நான் சொல்லக் கூடாது."

அவர் தலை மறைந்ததும் அவள் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். "வாசல்ல என்ன குடுத்த அந்த ஆளுகிட்ட?"

"என் கார்டுதான் அண்ணி. அவங்க ஆபீஸ்ல ஏசி ஒழுகுதாம். பக்கெட் வச்சு உட்கார்ந்திருக்காங்களாம்."

"ஏசி ஒழுகுதாம்!"

"நம்பலன்னா போய்ப் பாருங்க. பக்கெட் நீலக் கலராம்." அவனுக்கும் சூடு ஏறிவிட்டது. "எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. அந்த ஆளு பீரோவையே மொறைக்கிறாரே, அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லல. நீங்க சொல்ற ஆளில்ல. அண்ணன் எங்க?"

"உங்கண்ணனா? அந்த மனுஷனுக்கு வாயத் தொறக்கவே டிக்கெட் குடுக்கணும்."

கொழுந்தன் சிரிக்கவில்லை. சின்னவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டுகள் மட்டும்தான் சத்தம் போட்டன.

*

புதன்கிழமை மதியம். கடை முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடியக்கா தனியாக ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு அளவுக்காரர் வந்தார், ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைத் தாங்கியபடி.

"நூல் அறுந்துபோச்சும்மா. பக்கத்துல வேற கடை இல்ல."

ஊரில் நாலு கடை இருக்கிறது. அவள் கையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தாள். கீலில் ஆணி இல்லை. வருஷக்கணக்காக இல்லை போலிருக்கிறது.

"உட்காருங்க. அஞ்சு நிமிஷம். புது ஃபிரேமே போட்டுத் தரட்டுமா? காசு ஒண்ணும் வேணாம்" என்றாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"ஆணி போதும். பில்லும் வேணும்" என்றார் அவர்.

சோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்து, எதிரே சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கழற்றிய முகம் கழுவிவைத்த பாத்திரம் போல வெறுமையாக இருந்தது. கவுண்டர் மேல், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்த ஃபைல் இருந்தது. அக்குளை விட்டு இறங்காத ஃபைல். இறங்கியதோடு நில்லாமல், திறந்தும் கிடந்தது.

இது பொறியா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பலகையின் முதல் எழுத்தையே இமை கொட்டாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணிப் பெட்டியைத் தேடுகிற மாதிரி அவள் குனிந்தாள்.

மேலே கொழுந்தனின் தாள். வேறு அறைகள்: இல்லை. அவளே சொல்லிக்கொடுத்த வாக்கியம். அதன் கீழே இன்னொரு தாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து விரல் மடங்காத கை எழுதிய குண்டு குண்டு எழுத்து.

வேறு அறைகள் என்ற இடத்துக்கு எதிரே, ஸ்கேல் வைத்து ஒரு படம் போட்டிருந்தான். ஒன்பதுக்குப் பதினொன்று. கதவு இந்தப் பக்கம். அடைத்த ஜன்னல் அந்தப் பக்கம். ஒரு மூலையில் சின்னக் கட்டமாக மரப்பலகை என்று எழுதியிருந்தது. அவள் சீப்பும் பவுடரும் வைத்திருந்த பலகை. அதற்குக் கீழே, அறையின் பயன்பாடு என்ற இடத்தில்:

'என் தகப்பனார் கட்டியது. நானும் என் மனைவியும் கல்யாணமான புதிதில் நாலு வருஷம் இதில் குடியிருந்தோம். மகள் பிறந்து தவழ்ந்தது இதில்தான். இப்போது சாமான் போட்டிருக்கிறது.'

முதலில் வந்தது கோபம். படுபாவி மனுஷா, பக்கத்தில் படுத்துக்கொண்டே காட்டிக்கொடுத்திருக்கிறாயே! ஆணி கையிலிருந்து நழுவிக் கண்ணாடி மேஜைமேல் விழுந்து உருண்டது.

உருண்ட ஆணியைத் தேடும்போதுதான் அந்த மதியம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமாகி மூன்றாவது வாரம். அப்போதைய வரிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். மாமனார் ஒரே தள்ளாகப் பீரோவைத் தள்ளிக் கதவை மூடிவிட்டார். உள்ளே இவர்கள் இரண்டு பேரும். ஜன்னல் இல்லை, விளக்கு போடக்கூடாது. வெளியே வரிக்காரர் இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு விக்கல். அதுவரை அவளோடு பத்து வார்த்தை பேசியிராத அந்த டிரைவர், அவள் உள்ளங்கையைத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினான். தோள் குலுங்கியது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. விக்கலும் சிரிப்புமாக, இருட்டில், இரண்டு மணி நேரம். பெற்றவர்கள் பார்த்து முடித்துவைத்த கல்யாணம்தான். அவன்மேல் அவளுக்கு ஆசை வந்தது அந்த இரண்டு மணி நேரத்தில். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும்தான்.

ஆணி கிடைத்தது. போட்டு முடுக்கினாள். புத்தி வேலை செய்தது. இரண்டு தாளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. அதற்காகத்தான் மனுஷர் திரும்பத் திரும்ப வருகிறார். மறைத்து வைத்திருப்பதைப் பிடிக்க அவர் வரவில்லை. ஏற்கெனவே சொல்லிவிட்ட அறையைக் கண்ணால் பார்த்து எழுதத்தான் வருகிறார். அவளோ பீரோவுக்கு முன்னால் காவல் நிற்கிறாள். நாளைக்கும் நின்றால் விண்ணப்பத்தை நிராகரித்துவிடுவார்கள். முப்பதாம் தேதி புரோக்கர் வருவார்.

கண்ணாடியை அவர் மூக்கில் வைத்து, காதோரம் சரிசெய்தாள். அவர் எழுந்து ஃபைலை மூடி அக்குளுக்கு ஏற்றினார்.

"சார்..." என்றாள். "ஃபைல் இங்கயே இருந்துச்சு."

"அப்படியா? கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அஞ்சு நிமிஷம் உலகமே புகைமூட்டம்."

பில்லை நாலாக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்றே செய்தாரா, உண்மையிலேயே மறதியா? அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தாலாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

*

சாயங்காலம் ஐந்தரைக்குக் கணவன் வந்து சேர்ந்தான். அவன் முகம் கழுவி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். துண்டை நீட்டும்போது கேட்டாள்.

"ரெண்டு ரூம்னு எழுதச் சொன்னேன்ல?"

துண்டு முகத்திலேயே நின்றது. "அவர் பார்த்துட்டாருன்னு சொன்னியே?"

"நான் பொய் சொன்னேன். நீங்க?"

"நான் உண்மை சொன்னேன். அதான் உங்கிட்டச் சொல்லல."

"ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு மலை இறக்கத்துல வண்டி ஓட்டுறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப் பயமா?"

"மலைக்கு எங்க வளைவு வரும்னு போர்டு வச்சிருப்பாங்க" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "ஏன் எழுதினீங்க?"

அவன் துண்டை மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். "ரெண்டு ரூம்னுதான் எழுதப் போனேன். 'வேறு அறைகள்'னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு எழுதணும். பேனாவை வச்சேன், எழுத வரல. அந்த ரூம் இல்லைன்னா அப்புறம் அந்த நாலு வருஷம் நாம எங்க இருந்தோம்?"

அவள் துண்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள்.

கொழுந்தனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னபோது அவன் துள்ளிக் குதித்தான்.

"ஓ! அண்ணன் அரிச்சந்திரன், நான் பொய்யன். அப்படித்தானே நகரசபையில எழுதியிருக்கு? அதென்ன 'நானும் என் மனைவியும் குடியிருந்தோம்'? நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது 'நாங்க இருந்த ரூம், எங்களுக்குத்தான்'னு சொல்றதுக்கா? நல்லா அஸ்திவாரம் போட்டிருக்கீங்க."

"டேய், என்னடா பேசுற..." என்று எழுந்தான் டிரைவர்.

"நீங்க உட்காருங்க" என்றாள் அவள். கொழுந்தனிடம் திரும்பினாள். "தம்பி, உன்னைப் பொய் எழுத வச்சது நான். உன் கையைப் பிடிச்சு எழுத வச்ச மாதிரிதான். உன்மேலயும் சந்தேகப்பட்டேன். நீ அந்த ஆளுக்குக் குடுத்த கார்டு புரோக்கர் கார்டுன்னு நினைச்சேன்."

"அடக் கடவுளே" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு நீ எழுதினதை மாத்திக் குடுத்துடு. அந்த ரூம் கீழ இருக்கு. கீழ்வீட்டை நீங்க எடுத்துக்குங்க, ரூமோட சேர்த்து. நாங்க மாடிக்குப் போறோம். இப்பவே எழுதித் தரேன்."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். டிரைவர் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அந்த ரூம் உனக்கு வேணாமா?" என்று டிரைவர் மெதுவாகக் கேட்டான்.

"இருந்துச்சுன்னு எழுதியாச்சுல்ல. அது போதும்."

கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு, "எழுதியெல்லாம் தர வேணாம் அண்ணி. ஆனா மாடிக்குத் தண்ணி ஏறலன்னா என்னைத் திட்டக் கூடாது" என்றான்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு அளவுக்காரர் வந்தபோது அண்ணனும் தம்பியும் பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் திருத்தி எழுதிய தாளை முதலில் கொடுத்தான். அவர் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பீரோ நகர்ந்தது. ஒரு கால் ஆடுவது நிஜம்தான். "எதையாவது அடைகொடுடா" என்று டிரைவர் கத்த, கொழுந்தன் சட்டைப் பையைத் துழாவிக் கைக்கு வந்த கார்டை எடுத்து மடித்துக் காலுக்கடியில் செருகினான். புரோக்கர் கார்டு.

அளவுக்காரர் உள்ளே போய் டேப்பை நீட்டினார். ஒன்பது. பதினொன்று. மூலையில் மரப்பலகை இருக்கிறதா என்றுகூட டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார். முப்பத்திரண்டும் ஒன்பதும் கூட்டினார். நாற்பத்தொன்று. அப்போதுதான் அந்த முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகியது.

"மாடிக்கு விலக்கு உண்டு. பழைய வரி தள்ளுபடி. ஆனா இந்த ரூம் ஏற்கெனவே இருந்தது. புதுசு இல்ல. இதுக்கு மட்டும் விலக்கு கிடையாது. இனிமே வருஷா வருஷம் கட்டணும்."

"கட்டுறோம் சார்" என்றாள் கண்ணாடியக்கா. "பத்தொன்பது வருஷமா இருக்கே."

வாசலில் அவரை நிறுத்தி, "நேத்து ஃபைலை வேணும்னுதானே தொறந்து வச்சீங்க?" என்று கேட்டாள்.

"எந்த ஃபைல்?" என்றார் அளவுக்காரர். அக்குளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பேப்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முத்திரையைத் தடவிப் பார்த்தாள், பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "கொடுத்துட்டாங்க போலத்தான் இருக்கு" என்று அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை கொத்தனார் முதல் வேலையாக அடைத்த ஜன்னலைத் திறந்தார். செங்கல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. வெயில் ஒரு கட்டமாக வந்து தரையில் விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறைக்குள் வந்த முதல் வெயில். டிரைவர் அவள் பின்னால் வந்து நின்றான்.

"விக்கல் ஞாபகம் இருக்கா?" என்றான்.

அவள் திரும்பினாள். இதையும் இந்த மனுஷர் இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்! "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள். அவன் நம்பவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அந்தச் சந்தை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. எதிர்வரிசை வீடுகளின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு சுவரில், பழைய செங்கலுக்கு நடுவே, நிறம் மாறிய செங்கல் ஒரு கட்டமாக, ஜன்னல் அளவில். அடுத்த சுவரிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். எண்ணிக்கொண்டே போனாள். ஏழு.

ஏழாவது வீட்டின் கொல்லைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இடிபட்ட ஜன்னலையும் கண்ணாடியக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, மாட்டிக்கிட்டீங்களாமே. தண்டம் எவ்வளவு போட்டாங்க?"

"தண்டமா? ஒண்ணும் இல்ல. நாங்களே சொன்னோம், தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"நிஜமாத்தான்."

அந்தப் பெண் கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தமும் கேட்டன.